உத்தரவு வரும்வரை பிடித்திருக்கவும்

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் எதையாவது பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம். காக்காய் பிடிப்பதைச் சொல்லவில்லை. அது எல்லா அலுவலகத்திலும் உண்டு. நாங்கள் பிடித்துக்கொண்டிருந்தது மவுஸின் பொத்தானை.

கண் சிகிச்சைக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகம் அது. யாருடைய கண்ணிலாவது கத்தி வைக்க வேண்டுமானால், எங்கள் கம்ப்யூட்டரில் அந்த ஆளின் கோப்புக்கு நேரே 'அனுமதி' என்று விழ வேண்டும். விழுந்தால் டாக்டர் கத்தியை எடுப்பார். விழாவிட்டால் வேறு வேலையைப் பார்ப்பார்.

முன்பு எங்களிடமும் ஊர் உலகத்தில் இருக்கிற மவுஸ்தான் இருந்தது. இடப்பக்கம் ஒரு பொத்தான், வலப்பக்கம் ஒரு பொத்தான். கோப்பின்மேல் வைத்து வலது பொத்தானை ஒரு தட்டு தட்டினால் சின்னதாக ஒரு பட்டியல் விரியும். அனுமதி, ரத்து, மூடு. வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஒருநாள் யாரோ ஒரு பெரிய மனிதரின் மாமியாருக்கு 'அனுமதி' விழவேண்டிய இடத்தில் 'ரத்து' விழுந்துவிட்டது. விசாரணைக் குழு உட்கார்ந்தது. குழு வெகுநாள் ஆராய்ந்து, தவறு செய்தது வலது பொத்தான் என்று கண்டுபிடித்தது.

"ரெண்டு பொத்தான் இருக்கறதாலதான் ஊழியர்கள் யோசிக்கிறாங்க. யோசிச்சா தப்பு வரத்தானே செய்யும்?" என்றார் இயக்குநர்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக, எல்லா மவுஸையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒற்றைப் பொத்தான் மவுஸ் வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, எங்கள் வேலை முழுக்க அந்த வலது பொத்தானுக்குப் பின்னால்தான் இருந்தது என்று.

அதற்கும் மருந்து இருந்தது. ஒற்றைப் பொத்தானையே சற்று நேரம் அழுத்திப் பிடித்திருந்தால் அதே பட்டியலை விரித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று வந்தது. பிடித்தபடியே அம்புக்குறியை வேண்டிய வரிக்கு நகர்த்தி விரலை எடுத்தால் காரியம் முடிந்தது. சின்னக் குழந்தைகூடச் செய்துவிடும். எங்கள் அலுவலகத்தில் சின்னக் குழந்தைகள் யாரும் இல்லை.

மென்பொருளோடு வந்த கையேடு வேற்றுமொழியில் இருந்தது. கமாண்ட் தெரியும்வரை பொத்தானைப் பிடித்திருக்கும்படி அதில் ஒரு வரி. மொழிபெயர்ப்புப் பிரிவு அகராதியைப் புரட்டியது. கமாண்ட் என்றால் உத்தரவு. சுற்றறிக்கை வந்தது: 'உத்தரவு வரும்வரை பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கவும். உத்தரவின்றி விடுவோர்மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.' இரண்டாவது வாக்கியம் கையேட்டில் இல்லை. சுற்றறிக்கை என்றால் அப்படி ஒன்று இருந்தால்தான் மரியாதை என்று அவர்களாகச் சேர்த்துக்கொண்டது.

ஆளுக்கொரு கோப்பின்மேல் அழுத்தினோம். பட்டியல் விரிந்தது. உத்தரவுக்காகக் காத்திருந்தோம்.

மென்பொருளை விற்றவர் சில நாள் கழித்து எட்டிப் பார்த்தார். பிரிவில் வரிசையாக எல்லோரும் பொத்தானை அழுத்தியபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு திகைத்து நின்றார்.

"என்னங்க, எல்லாரும் இப்படியே உட்காந்திருக்காங்க?"

"உத்தரவு வரலை" என்றார் கண்காணிப்பாளர் அம்மா.

சுற்றறிக்கையைக் காட்டினார்கள். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். கூடச் சிரிக்க யாரும் இல்லாததால் நிறுத்திக்கொண்டார். அவரை இயக்குநர் அறைக்கு அழைத்துப்போனார்கள். கதவு திறந்தே இருந்தது.

"சார், கமாண்டுன்னா இந்தப் பட்டியல்தான் சார். அதான் வந்துடுச்சே. இதுல ஒண்ணை எடுத்துட்டு விட்டுட வேண்டியதுதான்."

"அதாவது, கம்ப்யூட்டரே உத்தரவு போட்டுடும்னு சொல்றீங்க."

"ஆமா சார்... இல்ல சார், அது அந்த மாதிரி உத்தரவு இல்ல..."

"கம்ப்யூட்டர் உத்தரவு போட்டா, நான் எதுக்கு இருக்கேன்?"

விற்றவர் ஒருமுறை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"அப்ப நீங்களே உத்தரவு போட்டுடுங்க சார்" என்றார் விற்றவர், போகிற போக்கில் புண்ணியம் தேடிக்கொள்கிறவர்போல.

"நல்லா இருக்கே கதை! எனக்கும் மேல ஒருத்தர் இருக்கார். அவர் சொல்லாம நான் எப்படிச் சொல்றது?"

அதற்குப் பிறகு விற்றவர் எங்கள் பக்கம் வரவில்லை.

பிடிப்பது ஒரு வேலையானதும் அதற்குச் சட்டதிட்டங்கள் வந்தன. அவசரத்துக்கு வெளியே போகிறவர் கையை உயர்த்தினால் 'பதில் விரல்' என்ற மாற்று ஆள் ஒருவர் வருவார். அவர் தன் விரலை என் விரல்மேல் வைத்து, "ஏற்றுக்கொண்டேன்" என்று சொல்ல வேண்டும். நான் "ஒப்படைத்தேன்" என்று சொல்லி விரலை அடியிலிருந்து உருவிக்கொள்ள வேண்டும். கண்காணிப்பாளர் அம்மா பக்கத்தில் நின்று பார்ப்பார். கொஞ்சம் தாமதமானால் கழிப்பறைக்குப் போகிற தேவையே போய்விடும். மாலையில் அலுவலகம் பூட்டும்போது பொத்தான்மேல் ஒரு ரப்பர் துண்டை வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி, அரக்கு வைத்துவிடுவார்கள். பகலிலும் அதேபோலக் கட்டிவிடலாமே என்று யாரோ கேட்டார்கள். இயந்திரத்தனமான நிர்வாகத்தில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா போன பிறகு என்னைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டுபோனது அக்காதான். சட்டை தைக்கும் கம்பெனியில் காஜா எடுத்துப் பொத்தான் வைப்பது அவள் வேலை. நான் அலுவலகத்தில் என்ன செய்கிறேன் என்று விவரமாகச் சொன்னபோது வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"நான் நாள் முழுக்கப் பொத்தான் வைக்கிறேன். நீ நாள் முழுக்கப் பொத்தானைப் பிடிக்கிற. குடும்பத்துக்கே பொத்தான்தான்டா எழுதியிருக்கு."

பிறகு அவளுக்கு ஊசியில் நூல் கோக்க முடியாமல் போயிற்று. இடது கண்ணில் விழித்திரை பிரிகிறது, சீக்கிரம் கத்தி வைத்தால் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். கோப்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அது போய்ச் சேர்ந்த இடம் என் பக்கத்து இருக்கை. அங்கே இருந்தவரைப் பிடிவாதம் என்று கூப்பிடுவோம். எங்கள் பிரிவிலேயே பிடித்ததை விடாதவர் என்ற பெயர் அவருக்குத்தான்.

"ஏன்டா, என் கண்ணு உன் பக்கத்து சீட்டுலதானே இருக்கு? கொஞ்சம் சொல்லி விடச் சொல்லேன்" என்றாள் அக்கா.

சொன்னேன். பிடிவாதம் என்னைப் பாசமாகப் பார்த்தார்.

"தம்பி, உங்க அக்கா எனக்கும் அக்கா மாதிரி. அதனாலதான் இவ்வளவு பத்திரமா வச்சிருக்கேன். உயிரே போனாலும் விட மாட்டேன்."

அவர் மனதில் கள்ளம் இல்லை. இடது கண் போய்விட்டது. கண் போனதை அவரிடம் சொன்னபோது உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அப்ப இதை ரத்து பண்ணணும் தம்பி. அதுக்கும் உத்தரவு வரணுமே" என்று சொல்லி, தொடர்ந்து பிடித்துக்கொண்டார். போன கண்ணின் கோப்பு எங்களிடம் பத்திரமாக இருந்தது.

அடுத்து வலது கண்ணும் அதே வழியில் கிளம்பியது. இந்தத் தடவை கோப்பு என்னிடமே வந்தது. சொந்தக்காரர் கோப்பைச் சொந்தக்காரர்தான் பிடிக்க வேண்டும் என்று புது விதி. மற்றவர்கள் என்றால் இரக்கப்பட்டு விட்டுவிடுவார்களாம்.

நான் பிடித்தேன். கண்ணெதிரே பட்டியல் விரிந்து கிடந்தது. அனுமதி என்ற சொல் விரல் நகத்தின் அளவுகூட இல்லை. அம்புக்குறியை இம்மி நகர்த்தி விரலை எடுத்தால் அக்காவுக்குக் கண் கிடைக்கும். ஏன் எடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அக்கா வீட்டுக்காரர், என் மாமா, தினமும் கேட்டார். எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை, அக்காவின் மருந்துக்கும் என் சம்பளம்தான் போகிறது என்று அவரிடம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை வேறு. நாளெல்லாம் ஒன்றைப் பிடித்துக்கொண்டே இருந்தால் விடலாம் என்பது மறந்துபோகும். சுற்றிலும் எல்லோரும் பிடித்துக்கொண்டிருந்தால் சுத்தமாக மறந்துபோகும்.

விரலும் மறந்தது. முதலில் வலித்தது, பிறகு எறும்பு ஊர்வதுபோல இருந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை. பயந்துபோய்க் கண்காணிப்பாளர் அம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடேயப்பா, மரத்துப்போச்சா? வாழ்த்துகள். நிரந்தரத்துக்கு எழுதிடறேன்."

எங்கள் அலுவலகத்தில் நிரந்தரம் ஆவதற்கு ஒரே தேர்வு அதுதான். இயக்குநர் நேரில் வந்து விரலில் குண்டூசியால் குத்துவார். ஆ என்றால் இன்னும் கொஞ்ச காலம் தற்காலிகம்.

"உணர்ச்சி இருக்கிறவன் விட்டுடுவான்" என்றார் இயக்குநர், குண்டூசியைக் கையில் உருட்டியபடி. "பசிக்குதுன்னு விடுவான், பாவம்னு விடுவான். நமக்கு வேண்டியது நம்பகமான விரல். நானும் ஒரு காலத்துல உங்களை மாதிரி இளகின ஆளுதான். முதல்ல விரல்ல ஆரம்பிச்சது. இப்ப கழுத்து வரைக்கும் ஒண்ணும் தெரியறதில்ல. எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

குத்தினார். சிவப்பாக ஒரு பொட்டு வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. நிரந்தரம் ஆனேன். மாமா வீட்டுக்கு இனிப்பு வாங்கிப்போனேன். அக்கா தடவித் தடவிப் பார்த்து எடுத்துத் தின்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

டாக்டர் கெடு வைத்துவிட்டார். அடுத்த வாரத்துக்குள் செய்யாவிட்டால் வலது கண்ணும் போய்ச் சேர்ந்துவிடும் என்றார். மாமா அதைப் போனில் சொன்ன அன்று இயக்குநர் பிரிவைச் சுற்றிப் பார்க்க வந்தார். இயக்குநர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், ஆனால் பொத்தானை விடக்கூடாது. இதற்கென்றே ஒரு நிலை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இடுப்பு வரை எழுந்து, தோளைச் சாய்த்து, கை மட்டும் மேசையில் கிடக்க வேண்டும். தடுக்கி விழப்போகிறவனைப் பாதியில் நிறுத்தி வைத்ததுபோல இருக்கும்.

அப்படி எழுந்தபோது கை கொஞ்சம் நகர்ந்தது. அம்புக்குறியும் நகர்ந்தது. விரல் மேலே வந்துவிட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அந்த விரலில் நடப்பது எதுவும் எனக்குத் தெரிந்து நாளாயிற்று. கம்ப்யூட்டர் 'டிங்' என்றது.

எங்கள் பிரிவில் அந்தச் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. எல்லோரும் திரும்பினார்கள். திரையில் பச்சையாக 'அனுமதிக்கப்பட்டது' என்று இருந்தது.

"ஐயோ, என்ன தம்பி, வேலை நடந்துடுச்சே!" என்றார் பிடிவாதம்.

விசாரணை அங்கேயே நடந்தது. குழுவில் இருந்தவர்கள் தங்கள் பொத்தானை விட்டு வர முடியாது என்பதால், உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்கள்.

"வேணும்னு செஞ்சியா?" என்றார் இயக்குநர்.

"தெரியல சார்."

"தெரியலன்னா?"

"விரலைத்தான் சார் கேக்கணும்."

திமிராகச் சொல்லவில்லை. மனதுக்குள் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"எனக்கு மரியாதை காட்ட எழுந்தப்ப நடந்திருக்கு. அதனால மன்னிக்கிறேன்" என்றார் இயக்குநர். "ஆனா நடந்தது நடந்ததுதான். நாளைக்கு எல்லாரும் நம்மகிட்ட வேலையை எதிர்பார்க்க ஆரம்பிச்சுட்டா? இதை ரத்து பண்ணணும். செஞ்ச கைதான் சரி பண்ணணும். அதே கோப்புல வச்சு அழுத்து. ரத்துங்கற வரியில கொண்டுபோய் நிறுத்து. பிடிச்சுக்க. உத்தரவு வந்ததும் விடு."

அழுத்தினேன். நிறுத்தினேன். பிடித்துக்கொண்டேன்.

அனுமதி விழுந்த செய்தி மருத்துவமனைக்குப் போய்விட்டது. அவர்கள் நாள் குறித்துவிட்டார்கள். அந்த நாள் வரைக்கும் 'ரத்து' விழாமல் இருந்தால் அக்காவுக்குக் கண். என் விரல் எழுந்தால் இல்லை. அலுவலகம் சொன்னதை வாழ்க்கையில் முதல் தடவையாக மனதாரச் செய்தேன். ஒருமுறை எனக்குத் தெரியாமலே எழுந்த விரல் அது. அதை நம்ப முடியவில்லை. அதனால் கண்ணை அதன்மேலேயே வைத்துக்கொண்டேன். விரல் உணர வேண்டியதைக் கண் பார்த்துக்கொண்டிருந்தது. மாலையில் ரப்பர் துண்டு வைத்து அரக்கு ஒட்டும்போது, "மெதுவாம்மா, மெதுவாம்மா" என்று கண்காணிப்பாளர் அம்மாவிடம் கெஞ்சுவேன். என் கடமை உணர்ச்சியைப் பார்த்து அவர் நெகிழ்ந்துபோனார்.

அறுவை சிகிச்சை அன்றைக்கே எங்கள் ஆண்டு விழாவும் வந்தது. யாரும் எழுந்து அரங்கத்துக்குப் போக முடியாது என்பதால் மேடையைப் பிரிவுக்குள்ளேயே போட்டார்கள். அக்காவை உள்ளே அழைத்துக்கொண்டுபோகிறார்கள் என்று மாமா போன் செய்ததாக டீ கொண்டுவரும் அம்மா காதில் சொன்ன நேரத்தில், இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! மற்ற அலுவலகங்களில் தவறான அனுமதிகள், தவறான ரத்துகள், விசாரணைகள், அவமானங்கள். நம் அலுவலகத்தில்? ஒரே ஒரு சம்பவத்தைத் தவிர, ஒன்றுமே இல்லை. காரணம் என்ன? நாம் எதையும் செய்வதில்லை. செய்யாத காரியத்தில் குற்றம் கண்டுபிடிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது! மக்களுக்குப் பார்வை போகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். போகட்டும். பார்வை என்பது இன்று வரும், நாளை போகும். இந்த இயக்ககத்தின் தொலைநோக்குப் பார்வை போகக்கூடாது. அதுதான் முக்கியம்!"

கைதட்டல் எழ வேண்டிய இடம். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள். நாங்கள் இடது கையால் மேசையைத் தட்டினோம், வந்தது. விட்டுக்கொடுக்காத ஊழியர் விருது பிடிவாதத்துக்குக் கிடைத்தது. அவர் எழுந்துபோய் வாங்க முடியாததால் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

"இந்த நல்ல நாளில், விழாவின் சிறப்பு நிகழ்ச்சியாக, நடந்துவிட்ட அந்த ஒரே தவறையும் துடைத்துவிடப் போகிறேன்" என்றார் இயக்குநர். "மேலிடத்தை எதிர்பார்க்காமல், என் சொந்தப் பொறுப்பில், இதோ உத்தரவு..."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் விரலைப் பார்த்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கே அக்காவின் கண் திறந்து கிடக்கிறது, இங்கே இவர் வாய் திறந்திருக்கிறது என்று மட்டும் நினைத்தேன்.

"சார்" என்றார் கண்காணிப்பாளர் அம்மா தயங்கி. "வாய்மொழி உத்தரவு செல்லாது சார். எழுத்துல வேணும்."

"எழுதிட்டா போச்சு."

மூலையில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவரே தட்டினார். 'விடலாம்.' ஒரே சொல். அதை அச்செடுக்க வேண்டும். அச்சிடு என்பதும் அதேபோல விரிகிற ஒரு பட்டியலில்தான் இருந்தது. கடிதத்தின்மேல் வைத்து இயக்குநர் பொத்தானை அழுத்திப் பிடித்தார். பட்டியல் விரிந்தது. விரலை எடுக்கப்போனவர் தலையை உயர்த்திச் சுவரில் ஒட்டியிருந்த தன் சுற்றறிக்கையைப் பார்த்தார். உத்தரவு வரும்வரை.

அவர் முகத்தில் ஒரு சாந்தம் வந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பிடித்துக்கொண்டார்.

நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். மின்விசிறி சுற்றியது. வெகுநேரம் கழித்து டீ கொண்டுவரும் அம்மா மறுபடி வந்தார்.

"உங்க மாமா பேசினார். நல்லபடியா முடிஞ்சுதாம்."

"சரிம்மா" என்றேன். அழ வேண்டும்போல இருந்தது. அழுகை எங்கிருந்து வருமோ அந்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு, மாமா கையைப் பிடிக்காமல் தானே நடந்து அக்கா அலுவலகத்துக்கு வந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வரிசையாக உட்கார்ந்திருந்த எல்லோரையும் பார்த்தாள். மூலையில் பிடித்துக்கொண்டிருந்த இயக்குநரையும் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்னடா இப்படி ஆயிட்ட? கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு."

"உனக்கு இப்பத்தானே தெரியுது. ரொம்ப நாளா இப்படித்தான் இருக்கேன்."

அவள் திரையை நோக்கிக் குனிந்தாள். உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டினாள்.

"ரத்து. அப்படித்தானே போட்டிருக்கு?"

"ஆமாக்கா."

"இதையா பிடிச்சுட்டு இருக்க?"

"விட்டா உன் கண்ணு ரத்தாயிடும்."

"அதான் முடிஞ்சுபோச்சேடா. இனிமே என்ன ரத்தாகும்? விடு."

"உத்தரவு வரலக்கா."

"நான் சொல்றேன், விடுடா."

விட நினைத்தேன். நினைப்பு விரல்வரைக்கும் போகவில்லை. அக்கா ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டையிலிருந்து பொத்தானைப் பிரித்தெடுக்கிற பக்குவத்தில், என் விரலை மவுஸிலிருந்து எடுத்தாள். 'டிங்' என்றது. 'ரத்து செய்யப்பட்டது.'

கண்காணிப்பாளர் அம்மா ஓடிவந்தார். திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க பார்வை ரத்தாயிடுச்சு. இனிமே நீங்க பார்க்கிறது எதுவும் செல்லாது. தயவுசெஞ்சு எங்களையெல்லாம் அப்படிப் பார்க்காதீங்க."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாடா?" என்றாள்.

"எது?"

"இவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்கேனே."

குனிந்து பார்த்தேன். ஆமாம், என் விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.